தண்ணீர் போகிற வழியிலேயே போங்கள்

ஆறும் ஊரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு காரில் டெல்டா பக்கம் வருகிறோம். சுற்றிப் பார்க்க மூன்று நாள், நான்காம் நாள் ஊர் திரும்ப வேண்டும். பிச்சாவரம், வடுவூர், முத்துப்பேட்டை, கோடியக்கரை, தஞ்சைப் பெரிய கோயில், வேளாங்கண்ணி என்று எழுதி வைத்திருக்கிறோம். மாமியாருக்கு 72 வயது. பத்து வயது மகனுக்குப் பறவை என்றால் உயிர். எந்த வரிசையில் போவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பிச்சாவரத்தை எடுத்துவிடுங்கள், சகோதரி. அது சிதம்பரம் பக்கம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. கோடியக்கரையிலிருந்து போக மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அருமையான இடம், சிதம்பரத்தில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி தனியாக ஒரு முறை வாருங்கள். அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ்) இந்தத் தடவை முத்துப்பேட்டை போதும்.

மற்ற இடங்களின் வரிசையை ஆறே சொல்லிவிடும். நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரி. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. "இந்தத் தண்ணி எங்கப்பா போவுது?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். அந்தக் கேள்வியின் பின்னாலேயே நீங்களும் போங்கள்.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினால் முற்பகலில் கல்லணை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம். வெண்ணாற்று மதகுமேல் மகனை நிறுத்தி, "இது கடலுக்குப் போகிற இடத்தை நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுங்கள். சாயங்காலம் பெரிய கோயில், ராத்திரி தஞ்சாவூரிலேயே தங்கல்.

இரண்டாம் நாள் இருட்டோடு எழுந்து வடுவூர் போய்விட வேண்டும். மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். அது பாசன ஏரி; மேட்டூர்த் தண்ணீரும் மழையும் நிரப்புகின்றன. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. விடியும்போது பறவைகள் இரை தேடிக் கிளம்பும். எட்டு மணிக்கு மேல் போனால் பாதிக் கூட்டம் இருக்காது. ஏரியோடு நிறுத்திவிடாதீர்கள். சாலையோரச் சம்பா வயலில் நத்தைகொத்தி நாரை நடந்துகொண்டிருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரிகிறதே, அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். சேற்றில் துழாவி நத்தையைக் கவ்வும். ஓட்டை அநேகமாக உடைக்காமலே சதையை மட்டும் உருவித் தின்றுவிடும். வெறும் ஓடு வரப்போரம் கிடக்கும், உங்கள் மகன் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ஏரியில் அடைகிற பறவைக்கு வயல்தான் சோறு என்பது அப்போது அவனுக்கே விளங்கும்.

அங்கிருந்து நீடாமங்கலம் மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. சுற்றுலாக்காரர் யாரும் நிற்காத இடம், எனக்குப் பிறந்த வீடு மாதிரி. கால் மணி நேரம் நில்லுங்கள். கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேர்கிற இடம்தான் முத்துப்பேட்டைக் காயல்.

முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதியோடுதான் காயலுக்குப் போக முடியும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போன் செய்து பேசிவிடுங்கள். ஜாம்புவானோடையில் படகு ஏற வேண்டும். மாமியார் ஏறும்போது இரண்டு பேர் கைபிடித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவை அழைத்துப்போனபோது ஏறி இறங்குவதில்தான் சிரமப்பட்டார், உட்கார்ந்த பிறகு ஒன்றும் இல்லை. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். படகுக்காரரைக் கேட்டு ஒரே ஒரு அலையாத்தி இலை வாங்கி மகனை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. ஆனால் அவனாக எதையும் ஒடிக்கக் கூடாது. தில்லை மரமும் இந்தக் காடுகளில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தக் காடு வாங்கிய அடியை நான் நேரில் பார்த்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால், கண்ணுக்கு எட்டிய தூரம் இலையே இல்லாத பழுப்புக் குச்சிகள். படகில் யாரும் பேசவில்லை. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற பச்சையில் எவ்வளவோ அதற்கப்புறம் துளிர்த்ததும் நட்டதும்தான்.

ராத்திரி வேதாரண்யம். கோடியக்கரையிலேயே தங்க ஆசை என்றால் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்பதிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாள் முழுவதையும் கோடியக்கரைக்கே கொடுங்கள். 1967-ல் சரணாலயமானது, 2002-ல் தமிழகத்தின் முதல் ராம்சார் ஈரநிலமானது. காலையில் புல்வெளியில் வெளிமான். முறுக்குக் கொம்போடு முதுகு கறுத்திருப்பது கிடா, கொம்பில்லாத வெளிர்பழுப்பு பெட்டை. மத்தியானம் எல்லோரும் தூங்குங்கள். நாலு மணிக்குச் சதுப்பு.

பூநாரை (ஃபிளமிங்கோ) கட்டாயம் தெரியும் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மழை கூடித் தண்ணீர் ஏறிவிட்டால் அவை ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். அப்போதும் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் ஓடிக்கொண்டிருக்கும். சென்ற முறை எனக்கு இளஞ்சிவப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் கையளவு உள்ளான் ஒன்று அலை பின்வாங்கும்போதெல்லாம் ஓடி வந்து சேற்றைக் குத்தியதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேளாங்கண்ணி திரும்புகிற வழியில், நான்காம் நாள் காலை. புத்தாண்டுக் கூட்டம் இருக்கும், ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். எல்லோருக்கும் குடை வேண்டும், அந்த வாரத்தில் மழை வரலாம்.

கேள்வி: கல்லணையில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து குழி பறித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும். ஆற்றுக்குள் மணல் எடுத்த பள்ளங்களும் உண்டு. மேலே ஒரு ஷட்டர் ஏறினால் கீழே நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது. நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மதகடியில் போனான். அப்பாவும் சேர்ந்துதான் தேடினார். கரையில் உட்கார்ந்து கால் நனைப்பதுகூட மதகிலிருந்து நன்றாகத் தள்ளி, ஊர்க்காரர் குளிக்கிற படித்துறையில் மட்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஜூன் மாதம் டெல்டா வந்தால் ஏதாவது பார்க்க இருக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: வலசைப் பறவை இருக்காது. ஆனால் ஆறு பிறப்பதைப் பார்க்கலாம், தம்பி. மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து மாறும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. ஆகவே செய்தியைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறு. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணை வந்துவிடும், பூவும் நெல்லும் தூவித் திறப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த கையோடு கீழே வெண்ணாற்றுக் கரையில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்க் காத்திரு. காய்ந்து கிடக்கும் மணலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு பழுப்பு நாக்கு வரும். அதற்கு முன்னாலேயே மண் நனைகிற வாசனை வந்துவிடும். பெரியவர்கள் இறங்கி அந்த முதல் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். நீயும் இறங்கலாம், அங்கே கணுக்கால் அளவுதான் இருக்கும்.