கால்பந்தில் கூடுதல் நேரம் 4 நிமிடம் என்று பலகையில் காட்டிய பிறகும் ஆட்டம் ஏன் 6 நிமிடம் நீள்கிறது?

பலகையில் காட்டும் எண் குறைந்தபட்ச நேரம்தான். 4 என்று காட்டிவிட்டால் நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

ஒவ்வொரு பாதியும் 45 நிமிடம். பந்து வெளியே போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம், வீடியோ பரிசோதனை, வேண்டுமென்றே நேரம் கடத்துவது என்று வீணாகும் நேரத்தை நடுவர் கணக்கு வைத்துக் கடைசியில் சேர்க்கிறார். 2022 உலகக் கோப்பையில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால், இங்கிலாந்துடனான ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். சரி, சேர்த்த நேரத்துக்குள்ளேயே ஒருவர் அடிபட்டு விழுந்தால்? அதற்கும் நேரம் கூடும். நீங்கள் கேட்ட அந்த 6 நிமிடம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

நேரம் முடிந்ததும் நடுவர் எந்த நொடியிலும் விசில் ஊதலாம். பெனால்டி கொடுத்திருந்தால் மட்டும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். கார்னருக்கு, அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்புக்கு, அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பெரும்பாலான நடுவர்கள் தாக்குதல் ஓய்ந்து, பந்து கோல் பகுதியைவிட்டு விலகிய பிறகே ஊதுவார்கள்.

1978 உலகக் கோப்பையில் பிரேசில்–ஸ்வீடன் ஆட்டம் 1-1 என்று இருந்தது. கார்னர் பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதிவிட்டார். பிரேசில் வீரர் ஜீக்கோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்பிய பந்து கோலாகவில்லை. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் கார்னரை எடுக்கவிட்டு, பந்து வந்து சேர்வதற்குள் ஆட்டத்தை முடித்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். எடுப்பதற்கு முன்பே ஊதியிருக்கலாம்.