பழைய போட்டோவும் பாதாளச் சுரங்கமும்: கவுண்டி வரலாறு கேள்வி பதில்

(அமெரிக்காவில் கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அங்குள்ள கவுண்டி வரலாற்றுச் சங்கங்களில் தன்னார்வலராக இருப்பவர்கள் கேட்டவை.)

கேள்வி: ஒரு பெட்டி நிறைய பழைய போட்டோ வந்திருக்கிறது. ஸ்கேன் பண்ண ஆரம்பிக்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் கொண்டுவந்தவரை உட்காரவைத்துப் பேசவிட்டு, செல்போனில் பதிவு செய்யுங்கள். டிராக்டர் பக்கத்தில் நிற்பவர் யார், அது யார் வீட்டு வாசல் என்று சொல்ல அவரை விட்டால் ஆள் கிடைக்காது. பெயரைப் படத்தின் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படிப்பட்ட படமென்றால் உறையில் எழுதிவிட்டு, அப்புறம் படத்தை உள்ளே போடுங்கள். நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அதைத் தனியே வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

கேள்வி: கிழிந்த செய்தித்தாளை டேப் ஒட்டி லாமினேட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேஷனைப் பிரிக்கவும் வழியில்லை, உள்ளே அமிலம் தாளை அரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: திருமணச் சான்றிதழை லாமினேட்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: வெள்ளைக் கையுறை கட்டாயமா?

பதில்: காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை போதும். போட்டோ, நெகட்டிவுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை.

கேள்வி: இங்கே ஒரு பழைய வீட்டில் 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' சுரங்கம் இருக்கிறது. பலகை வைக்கப்போகிறோம்.

பதில்: அந்தப் பெயரில் ரயிலும் இல்லை, பெரும்பாலும் சுரங்கமும் இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களை ஒளித்துவைத்து, அடுத்த இடத்துக்கு அனுப்பியவர்களின் வலைப்பின்னல் அது. சுரங்கம் என்று காட்டுகிற பலவும் தண்ணீர்த்தொட்டி, வடிகால், நிலவறைதான். கவுண்டியின் பழைய வரிக்கணக்கைப் புரட்டுங்கள். எந்த வருடம் சொத்து மதிப்பு சட்டென்று ஏறியிருக்கிறதோ, அநேகமாக அப்போது வீடு எழும்பியிருக்கும். அது 1865-க்குப் பிறகு என்றால் கதை முடிந்தது. அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த வருடம் அது.

கேள்வி (அவரே): தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத்தரச் சொன்ன 1850 சட்டப்படி, அவர்களுக்கு உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. யார் எழுதிவைப்பார்கள்?

பதில்: நல்ல கேள்வி. ஆனாலும் ஒருவர் எழுதிவைத்தார். ஃபிலடெல்ஃபியாவில் இந்த வலைப்பின்னலில் இருந்த வில்லியம் ஸ்டில் தப்பிவந்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்துக் குறித்து, அந்தக் குறிப்புகளை ஒளித்துவைத்து, 1872-இல் புத்தகமாகவே போட்டார். ஊர்ப்பேச்சைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. யார், யாரிடம் கேட்டு, எப்போது சொன்னார் என்பதோடு பதியுங்கள். பலகையில் 'என்று சொல்வதுண்டு' என்று போடுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): அப்படிப் போட்டால் யார் சார் பார்க்க வருவார்கள்?

பதில்: இந்த மாதிரிப் பலகைகளில் என் வருத்தமே வேறு. வீட்டுக்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், தப்பிவந்தவர் பெயர் ஒன்றுகூட இருக்காது. அக்காலச் செய்தித்தாள்களில் பிடித்துத்தரச் சொல்லி எசமானர்கள் கொடுத்த விளம்பரங்களைத் தேடுங்கள். படிக்க வயிறு எரியும். ஆனால் பெயர், வயது, போட்டிருந்த சட்டை வரைக்கும் அதில்தான் கிடைக்கும். அதை மாட்டுங்கள், வருவார்கள்.

கேள்வி: அப்படி ஒரு விளம்பரம் எங்களிடம் அசலாகவே இருக்கிறது. லாமினேட் செய்து மாட்டலாமா?

பதில்: நகலை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அசல் அமிலமில்லாத உறைக்குள், இருட்டில் இருக்கட்டும்.