இரண்டாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பேக்கப் வைக்க முடியுமா?

முடியும். வீட்டில் ஒரே ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், பிள்ளைகளின் போட்டோக்கள், மனைவி வீட்டிலிருந்தே செய்யும் வேலையின் ஃபைல்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான். என் மனைவி பல வருடங்களாக வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வருவதையெல்லாம் செய்து கொடுப்பார். ஒரு ஐப்பசி மழையில் கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டருக்குள் இருந்து டிக், டிக் என்று சத்தம். அதோடு ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கவில்லை. டேட்டாவை மீட்டுத் தர ஒரு கடையில் கேட்ட தொகைக்குப் புது டிஸ்க்கே நாலைந்து வாங்கலாம். மூன்று வருட வேலை போனது. "போன தடவை அடிச்ச நோட்டீஸ்லயே தேதியை மட்டும் மாத்திக் குடுங்கம்மா" என்று கோயில்காரர்கள் வந்து நின்றபோது, இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பாருங்கள். விண்டோஸும் மென்பொருள்களும் வேண்டாம், அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நீங்களே உண்டாக்கிய ஃபைல்கள் மட்டும் போதும். அந்த ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைக் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்ந்து 140 ஜிபி-தான் வந்தது. டெராபைட் கணக்கில் டிஸ்க் வாங்கத் தேவையே இல்லை.

டிஸ்க்குக்கு எங்கும் அலைய வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தால், அதன் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி 3 கேஸில், அதாவது டிஸ்க்கை வெளியிலிருந்து கம்ப்யூட்டரோடு இணைக்க உதவும் சின்னப் பெட்டியில், போட்டுவிடலாம். கேஸ் சில நூறு ரூபாய்தான். பெரிய 3.5 இன்ச் டிஸ்க் என்றால் தனி அடாப்டரோடு வரும் கேஸ் வேண்டும், யுஎஸ்பி தரும் கரண்ட் அதற்குப் போதாது. பழைய டிஸ்க்கை நம்புவதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீல நிறத்தில் குட் என்று வந்தால் சரி. மஞ்சளில் காஷன் வந்தால், வேலை செய்கிறதே என்று வைத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது கேட்கும் வகைகளில் என்டிஎஃப்எஸ்-ஐத் தேர்ந்தெடுங்கள். ஃபேட் 32 என்றால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். பென் டிரைவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக மட்டும்தான் அது சரி.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 8-லிருந்தே ஃபைல் ஹிஸ்டரி என்ற நகலெடுக்கும் வசதி உள்ளே இருக்கிறது, கண்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். டி டிரைவில் உங்கள் ஃபோல்டர் இருந்தால் அதை ஒரு லைப்ரரியில் சேர்த்துவிடுங்கள். அதன் பெரிய நன்மை, மாறிய ஃபைலின் பழைய வடிவங்களையும் வைத்திருப்பது. இதன் அருமை எனக்கு ஒரு தவறு செய்த பிறகுதான் தெரிந்தது. முதலில் நான் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை மிரர் முறையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அது இங்கே இருப்பதை அங்கே அப்படியே பிரதி எடுக்கும், இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். ஒருநாள் மனைவி கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்திருக்கிறார். அது தெரியாமல் ராத்திரி நான் மிரர் ஓட்டினேன். மறுநாள் காலையில் இரண்டு இடத்திலும் அந்த ஃபோல்டர் இல்லை.

இலவச கூகுள் டிரைவிலும் இதே சிக்கல் உண்டு. ஒத்திசையும் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அதன் 15 ஜிபி-யை ஜிமெயிலும் போட்டோஸும் வேறு பங்கு போட்டுக்கொள்கின்றன. நடப்பு வேலைகளை மட்டும் அதில் வைத்துக்கொள்கிறோம், அந்த அளவுக்கு அது நல்லது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, நகல் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள் என்பதைத்தான். பலரும் செருகினபடியே விட்டுவிடுகிறார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ், கம்ப்யூட்டரில் செருகியிருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பூட்டியது. இடியும் வோல்டேஜும்கூட அதே ஒயர் வழியாகத்தான் வரும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கைச் செருகி, ஃபைல் ஹிஸ்டரியில் ரன் நவ் கொடுத்து, முடிந்ததும் முறையாக இஜெக்ட் செய்து, துணிப்பையில் சுற்றி பீரோவில் வைத்துவிடுகிறோம். செருகும்போது நீல நிற யுஎஸ்பி போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள், வேகம் அதில்தான் கிடைக்கும்.

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த "வேறு இடம்" எங்களுக்கு மதுரையில் இருக்கும் என் அக்கா வீடு. இன்னொரு பழைய டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து அங்கே வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிதாக்கிவிட்டு வருவோம். அதில் வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன்கூட இருப்பதால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறேன். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா வீட்டில்தான் இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். முதல் தடவை போனபோது, சரி, திறக்கிறதா பார்ப்போம் என்று அக்கா மகனின் லேப்டாப்பில் ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தோம். திறந்தது. ஆனால் "நிகழும் மங்களகரமான" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு வரி. மேலே இருக்க வேண்டிய பிள்ளையார் படத்தையும் காணவில்லை. பழைய வேலைகள் எல்லாம் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டுகளில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழே தெரியாது. ஃபான்ட்டுகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிடந்தன, ஃபைல் ஹிஸ்டரி அந்தப் பக்கம் போவதே இல்லை. படம் வேறொரு டிரைவில் இருந்தது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் அதற்கு இணைப்பு மட்டும் வைத்திருந்தது. ஊருக்குத் திரும்பியதும் ஃபான்ட்டுகளையும் சாமி படங்களையும் வேலை ஃபோல்டருக்குள்ளேயே நகலெடுத்து வைத்தோம்.

அதனால் உங்கள் டிஸ்க்கில் முதல் நகல் ஏறியதும் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஐந்தாறு ஃபைல்களைத் திறந்து பாருங்கள். போட்டோ ஒன்று, வீடியோ ஒன்று, உங்கள் மனைவியின் வேலையில் ரொம்பப் பழையது ஒன்று. அவர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று எழுதினால், கூடவே எந்த ஃபோல்டர்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.