மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டியில்) டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி (டிபிஎம்எஸ்) உண்மையிலேயே தேவையா? கிளம்பும் முன் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா?

கேஜ் கண்டிப்பாக வேண்டும். ஆனால் பின்பக்கம் இரட்டை டயர் (ஒவ்வொரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு டயர்) உள்ள வண்டி என்றால் கேஜ் மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

காரில் ஒரு டயர் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், நமக்கே தெரிந்துவிடும். மோட்டார்ஹோமின் பின்பக்கம் அப்படி இல்லை. உள் டயரில் காற்று போனாலும் பக்கத்தில் இருக்கும் வெளி டயர் வண்டியைத் தாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, வண்டியின் ஓட்டத்திலும் தெரியாது. இதற்கிடையே வெளி டயர் இருவர் சுமையைத் தனியாகச் சுமந்து சூடேறும். காற்றில்லாத டயரோ மடங்கி மடங்கி ஓடிக் கிழியும், சில சமயம் தீப்பிடிக்கவும் செய்யும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பின் டயர்கள் நான்கிலும் காற்றழுத்தம் 85 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினேன். ஒரு மணி நேரம் ஓடியபின் கருவியின் திரையில் மூன்று டயர்கள் 96 காட்டின. இடதுபக்க உள் டயர் மட்டும் 87. அலாரம் அடிக்கவில்லை, ஏனென்றால் நான் வைத்திருந்த கீழ் எல்லை 76. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் காலையில் இருந்ததைவிட அதிகம்தான். ஆனால் கூட ஓடும் டயர்களெல்லாம் சூட்டில் 11 ஏறியிருக்க, இது 2 மட்டும் ஏறினால் என்ன அர்த்தம்? காற்று கசிகிறது. நிறுத்திப் பார்த்தபோது வால்வில் மாட்டியிருந்த நீட்டிப்புக் குழாய் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து நான் அலாரத்துக்காகக் காத்திருப்பதில்லை. அவ்வப்போது திரையைப் பார்த்து, ஒரே அச்சில் உள்ள டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவேன். இந்தக் கருவியால் கிடைக்கும் பெரிய பயனே இதுதான் என்று நினைக்கிறேன்.

பொருத்தும்போது பலர் தவறுவது அடிப்படை அழுத்தத்தில். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் வெயில் படாமல் நின்றபின், உள்ள அழுத்தத்தைத்தான் கருவியில் பதிய வேண்டும். அந்த அழுத்தம் எவ்வளவு? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் அதிகபட்சச் சுமைக்கான எண். நமக்கு வேண்டியது, சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய வண்டியை எடை போட்டு, டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் பார்க்கும் எண். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் கூடும். அதனால் ஓடும் வண்டியில் எண் ஏறுவதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியபின் டயர் குறைந்த காற்றில் நிற்கும்.

சென்சாரில் இரண்டு வகை. டயருக்குள் பொருத்துவது ஒன்று, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுவது இன்னொன்று. நான் வைத்திருப்பது இரண்டாவது. பொருத்துவது சுலபம், ஆனால் ரப்பர் வால்வில் மாட்டாதீர்கள். சென்சாரின் எடை சக்கரம் சுழலும்போது வால்வை வளைத்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் அது வெடிப்பு விடும். உலோக வால்வுக்கு மாற்றிவிட்டு மாட்டுங்கள். இந்த வகை காட்டும் வெப்பநிலை டயருக்குள் உள்ள வெப்பம் அல்ல, வால்வு நுனியில் உள்ளது. ஆனாலும் ஒரு சக்கரம் மட்டும் திடீரென அதிகச் சூடு காட்டினால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று பாருங்கள்.

நீளமான வண்டியில் பின் சக்கரங்களின் சிக்னல் அடிக்கடி அறுந்தால் பின்பக்கம் ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னால் கார் இழுத்துச் செல்பவரா நீங்கள்? அதன் நான்கு டயருக்கும் சென்சார் வாங்குங்கள். அங்கே பஞ்சரானால் ஓட்டுபவருக்குத் துளியும் தெரியாது.

அப்புறம், பழசாகி உள்ளே பிளந்துவரும் டயர் ஒரே நொடியில் வெடித்தால் இந்தக் கருவி முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு டயரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரட்டை டயரில் அந்த எண் சில சமயம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்துதான் தேட வேண்டும்.