எதிர் டீம் ரசிகரான பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு மேட்ச்சால் பேச்சு நின்றுவிட்டது. நான்தான் முதலில் போய்ப் பேச வேண்டுமா?

ஆமாம், நீங்கள்தான். தப்பு அவர் மேல் என்று கேள்வியின் விளக்கத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அவர் உங்கள் வாசலில் பட்டாசு வெடித்தார், மூன்று வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று படித்ததும் எனக்கு வேறொரு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2009இல் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூரு ஸ்ரீராமபுரத்துக்கு வந்தேன். ஒரே வாசல், எட்டு வீடு, நடுவில் ஒரு குழாய். சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்பார்கள், இங்கே வட்டாரா. சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. மண்டியா மாவட்டம், மளவள்ளிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் கன்னடத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் எல்லாம் புரியும்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. ஐபிஎல் பார்க்க அவர் வீட்டுக்குத்தான் போவேன். அவர் பெங்களூரு டீம் ஆர்சிபி, நான் சென்னை டீம் சிஎஸ்கே. எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு, காசு கிடையாது. இரண்டு டீமும் மோதுகிற நாளில் யார் டீம் தோற்கிறதோ அவர் அடுத்த தண்ணி நாளில் குழாயடியில் முதல் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை நாலரைக்கு வரும் தண்ணி, சில நாள் முக்கால் மணியில் நின்றுவிடும். முதல் முறை என்றால் அது சின்ன விஷயம் இல்லை. வருவது காவிரித் தண்ணி. அக்காவின் ஊர்ப் பக்கம் தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் பம்ப் செய்து கொண்டுவருகிறார்கள். "எங்க ஊரு தண்ணி, தங்கி, பாத்து செலவு பண்ணு" என்பார். தங்கி என்றால் கன்னடத்தில் தங்கச்சி.

2011 ஃபைனலில் சேப்பாக்கத்தில் நாங்கள் 58 ரன்னில் ஜெயித்தோம். அடுத்த தண்ணி நாளில் நான் எழுந்து வருவதற்குள் என் குடங்களை வரிசையில் முதலாவதாக அவரே எடுத்து வைத்திருந்தார். 2019இல் சின்னசாமி மைதானத்தில் கடைசி ஓவருக்கு 26 ரன் தேவை. தோனி 4, 6, 6, 2, 6 என்று அடித்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று என் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசிப் பந்து மட்டையில் படவில்லை, ஒரு ரன்னில் தோற்றோம். அவர் ஜெயித்துவிட்டார் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன்.

2016 செப்டம்பரைச் சொல்லாமல் இது முழுசாகாது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 12ஆம் தேதி திங்கட்கிழமை, தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைத் தேடித் தேடி எரித்தார்கள். எங்கள் நிலைவாசலில் 'முருகன் துணை' என்று தமிழில் ஒரு தகடு இருக்கும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, நானும் பையனும் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஸ்டூல் இழுக்கும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா அதன் மேல் ஏறி நின்று, துணி காயப்போடும் கிளிப் இரண்டைப் போட்டு அந்தத் தகட்டின் மேல் கன்னடக் கொடியை மாட்டிக்கொண்டிருந்தார். அது மேலே மஞ்சள், கீழே சிவப்பு. என்னைப் பார்த்து, "நின்ன பண்ண மேலே, நன்ன பண்ண கெளகே" என்றார். உன் கலர் மேலே, என் கலர் கீழே. சிஎஸ்கே ஜெர்சி மஞ்சள், ஆர்சிபிக்குச் சிவப்பு. அந்த வருஷம் எங்கள் டீம் தடையில் இருந்தது, விளையாடக்கூட இல்லை.

கன்னடக்காரர்கள் எல்லாரும் அப்படியா என்று சிலர் கேட்பீர்கள். நான் எல்லாரைப் பற்றியும் சொல்லவில்லை, ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஆத்திரம் வருவது நம் ஊர்க்காரர்கள் மேல்தான். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் என் பையனிடம் பத்திரிகையைக் கொடுத்து "தமிழ் படிக்கத் தெரியுமாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருவதில்லை, எங்கே போய்ப் படிப்பான்? இங்கே கலவரம் வந்தால் நாங்கள் தமிழர், அங்கே போனால் கன்னடக்காரங்க. பஸ் எரிந்த அன்று அவர்களில் ஒருவரிடமிருந்தும் போன் வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

2024 மே 18, மறுபடியும் ஆர்சிபிக்கும் எங்களுக்கும் மேட்ச். அந்தக் கோடையில் பெங்களூரில் போர்வெல் எல்லாம் வற்றி, ஒரு குடத்துக்கு அடித்துக்கொண்ட நேரம். நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, கடைசி ஓவரில் 17 ரன் எடுத்திருந்தால் தோற்றாலும் ரன் ரேட் கணக்கில் அடுத்த கட்டமான பிளே-ஆஃப் போயிருப்போம். தோனி முதல் பந்தில் சிக்ஸர், அடுத்த பந்தில் அவுட். 27 ரன்னில் தோற்றோம். என் வீட்டிலும் டிவி வந்துவிட்டதால் அன்று நான் என் வீட்டில் இருந்தேன். அக்காவின் பையனும் அவன் நண்பர்களும் என் வாசலில் சரம் வெடித்தார்கள். அதில் ஒருவன் தமிழர்களைச் சொல்லும் அந்தக் கெட்ட வார்த்தையைக் கத்தினான். அக்கா தன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததா, வெடிச் சத்தத்தில் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

மறுநாள் தண்ணி நாள். முதல் முறை அவருடையது. நான் நாலு மணிக்கே எழுந்து என் ஆறு குடத்தையும் குழாயடியில் வைத்துவிட்டேன். அக்கா வந்தார், குடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் பச்சைக் குடத்தை என் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றார். என் ஆறாவது குடம் பாதி நிறையும்போது தண்ணி நின்றுபோனது. அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதோடு பேச்சு நின்றது. ஐந்து மாதம். ஒரே சுவர், அவர் மிக்ஸி ஓடுவது என் அடுக்களையில் கேட்கும். தீபாவளிக்குப் போய்ப் பேசிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஐப்பசி ஆரம்பத்தில் ஒருநாள் நடுராத்திரி மூச்சுத் திணறி, ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அவர் பையன் உதவிக்கு எதிர்வரிசை வீடுகளைத் தட்டியிருக்கிறான். என் கதவைத் தட்டவில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

கிரிக்கெட்டுக்காக இவ்வளவு அழுகையா, ஐபிஎல்லே வியாபாரம்தானே என்று எழுத வருகிறவர்களுக்கு: வியாபாரம்தான். நான் அழுவது அரைக் குடம் தண்ணிக்கு.

2025 ஜூன் 3 ராத்திரி ஆர்சிபி பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்துப் பதினெட்டு வருஷத்தில் முதல் கோப்பையை வாங்கியது. எங்கள் டீம் அந்த வருஷம் கடைசி இடம். ஊரே வெடித்தது, பக்கத்து வீட்டில் மட்டும் டிவி சத்தம்கூட இல்லை. விடியற்காலை குழாயடியில் என் முதல் முறையை அவர் மருமகளுக்கு விட்டேன். "ஏன் ஆன்ட்டி?" என்றாள். "உங்க மாமியாருக்கு நான் கொடுக்க வேண்டியது" என்றேன். அவள் புரியாமல் குடத்தை வைத்தாள்.

அன்று சாயங்காலம் அக்காவின் பையன் வெற்றி ஊர்வலம் பார்க்க சின்னசாமி மைதானத்துக்குப் போய்விட்டான். நெரிசலில் ஆட்கள் செத்துப்போனதாக டிவியில் வந்ததும் அவன் போன் எடுக்கவில்லை. பதினொரு பேர். அந்த மருமகளோடு நானும் வாசலிலேயே நின்றேன். ஒன்பது மணிக்கு மேல் ஒற்றைச் செருப்போடு வந்தான். ஒரு வருஷத்துக்கும் மேல் அவனிடம் பேசாதவள், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நீங்கள் போகும்போது மேட்ச்சைப் பற்றிப் பேச வேண்டாம். தயிருக்கு உறை மோர் கேளுங்கள், ஸ்க்ரூ டிரைவர் கேளுங்கள். இன்று சாயங்காலமே போங்கள்.