பரு மாத்திரையும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: என் மகளுக்கு வயது 23. முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பரு, தழும்பும் விழுகிறது. கும்பகோணத்தில் தோல் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். ஈரல் போய்விடும், பிள்ளை பிறக்காது என்கிறார்கள். தையில் கல்யாணம். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தழும்பு விழும் அளவுக்குப் பரு இருந்தால் இதைவிட வலுவான மருந்து கிடையாது அம்மா. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடும், பலருக்கு ஒரு முழுச் சுற்றோடு பரு அடங்கிவிடுகிறது. உதடு வெடிக்கும், கண் உலரும், நம்ம ஊர் வெயில் சீக்கிரம் சுடும், இதெல்லாம் சமாளிக்கலாம். ஈரல் நொதிகளும் கொழுப்பும் சிலருக்கு ரத்தத்தில் ஏறும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனை, அதைத் தவறவிடாதீர்கள். மனச்சோர்வு தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பின்னாளில் பிள்ளை பிறப்பதை இது தடுக்காது. ஆனால் மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தையின் மூளை, இதயம், முகம் எல்லாம் கடுமையாகப் பாதிக்கப்படலாம், நான் உண்மையிலேயே பயப்படுவது இதற்குத்தான். நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கர்ப்பம். ஒரு சுற்று பெரும்பாலும் 4 முதல் 6 மாதம், அதனால் கூச்சப்படாமல் கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். தைக்குள் முடியாதென்றால் மாத்திரையைத் தள்ளிப்போடுவதா, கருத்தடையோடு தொடர்வதா என்று மகளே முடிவு செய்யட்டும். அப்புறம், மிச்ச மாத்திரையைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.