கம்போ சமையல்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலக் குழம்பான கம்போவுக்கு அடிப்படையான ‘ரூ’ என்னும் மாவு வறுவல் எனக்கு எப்போதும் வெளிறியே வருகிறது. சரியாகச் செய்வது எப்படி?

பதில்: அவசரப்படுவதுதான் காரணம். அடிகனமான பாத்திரத்தில் ஒரு கோப்பை எண்ணெயைக் காயவைத்து, அதே அளவு மைதாவைச் சேர்த்து, தட்டையான மரக்கரண்டியால் பாத்திரத்தின் விளிம்புகள்வரை தேய்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெண்ணெய் வேண்டாம், மாவு நிறம் மாறுவதற்கு முன்பே அதிலுள்ள பால் கசடு கருகிவிடும். மிதமான தீயில் முதலில் மாவின் பச்சை வாடை போகும். பிறகு வறுத்த கடலையின் மணம் எழும். கெட்டியாக இருந்த கலவை இளகிக் கரண்டியிலிருந்து வழியத் தொடங்கும். வேர்க்கடலை நிறம், செம்பு நிறம் ஆகியவற்றைக் கடந்து கருஞ்சாக்லேட் நிறத்தை எட்ட 30 முதல் 45 நிமிடங்கள் ஆகும். கோழியும் ஆண்டூயி என்னும் புகையூட்டிய பன்றியிறைச்சி சாசேஜும் சேரும், தெற்கு லூசியானாவின் கேஜன் மக்களுடைய கம்போவுக்கு அந்தக் கரிய நிறம்தான் வேண்டும். எட்டியதும், நறுக்கித் தயாராக வைத்திருக்கும் வெங்காயத்தை உடனே கொட்டுங்கள். அதன் ஈரம் சூட்டைத் தணித்து, மேற்கொண்டு கருகாமல் காக்கும்.

கரும்புள்ளிகள் தென்பட்டால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சூடான ரூ தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

கேள்வி: நன்றாகக் கருநிறமாக வறுத்தும் குழம்பு நீர்த்தே இருக்கிறதே?

பதில்: வறுக்க வறுக்க மாவிலுள்ள மாச்சத்து சிதைவதால், நிறமும் சுவையும் ஏறும் அளவுக்குக் கெட்டிப்படுத்தும் திறன் குறையும். ஒரு கோப்பை மாவுக்கு கொதிக்கவைத்து வடித்த சாறு 2 முதல் 2.5 லிட்டர் போதும். மேலும் கெட்டியாக வேண்டுமானால் வெண்டைக்காயையோ, உலர்ந்த இலைகளை அரைத்த ஃபிலே பொடியையோ நாட வேண்டும்.

கேள்வி: செலரிக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தழை போடலாமா?

பதில்: கூடாது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றையும் லூசியானாவில் ‘புனித மும்மை’ என்றே அழைக்கிறார்கள். செலரி கிடைக்காவிட்டால் மற்ற இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரூ இலேசாகத்தான் கருகியது. மிளகாய்த்தூள் சேர்த்துச் சரிசெய்யலாமா?

பதில்: முதல் பதிலில் சொன்னதுதான்: கொட்டிவிடுங்கள். கருகலின் கசப்பு கொதிக்கக் கொதிக்கப் பரவுமே தவிர அடங்காது.

கேள்வி: தக்காளி போட்ட கம்போவைக் கம்போ என்றே ஏற்க முடியாது என்கிறார்களே?

பதில்: கேஜன் வீடுகளில் அப்படிச் சொல்வார்கள், லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கிரியோல் எனப்படும் கலப்பு மரபினரின் பல வீடுகளில் இறால், நண்டு, வெண்டைக்காயோடு தக்காளியும் சேர்க்கிறார்கள். இரண்டும் கம்போதான்.

கேள்வி: மேற்கண்ட பதிலை மறுக்கிறேன். கேஜன் முறைதான் மூலம். நகரவாசிகள் பின்னால் தக்காளியைச் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள்.

பதில்: இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. கேஜன் மக்களின் முன்னோர் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த அகாடியர்கள் என்னும் பிரெஞ்சுக் குடியேறிகள். 1755 முதல் ஆங்கிலேயர் அவர்களை வெளியேற்றிய பிறகே அவர்கள் தெற்கு லூசியானாவின் சதுப்புநிலங்களுக்கும் புல்வெளிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, 1718இல் நிறுவப்பட்ட நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் வாழ்ந்து வந்தார்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சமையலில் வேரூன்றியது. ஃபிலே பொடி சாக்டா பழங்குடியினர் தந்தது. ரூ பிரெஞ்சு அடுக்களையிலிருந்து வந்தது. இத்தனை பேரின் கைபட்ட உணவுக்கு ஒரே ஒரு மூலத்தைக் காட்டி மற்றவர்களைக் கெடுத்தவர்கள் என்பது, முக்கியமாக அதைச் சமைத்த அடிமைப் பெண்களுக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: அப்படியானால் கிரியோல் கம்போ என்றாலே தக்காளி கட்டாயமா?

பதில்: அதுவும் இல்லை. தக்காளியே சேர்க்காத கிரியோல் குடும்பங்கள் நகரத்திலேயே உண்டு. கோடு அவ்வளவு நேராகப் போகவில்லை. என் கருத்தைக் கேட்டால், வெண்டைக்காயும் இறாலும் உள்ள கம்போவில் சிறிதளவு தக்காளி நன்று. கரிய ரூவில் வெந்த கோழிக் கம்போவில் அதன் புளிப்பு வறுவலின் சுவையை மறைத்துவிடும். தக்காளி பற்றி மேலும் நான்கு கேள்விகள் வந்துள்ளன. அனைத்துக்கும் இதுவே பதில்.

கேள்வி: ஃபிலே சேர்த்தால் நூல்நூலாக இழுக்கிறது. ஏன்?

பதில்: கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். அது சாஸஃப்ராஸ் மரத்தின் இலைகளை உலர்த்தி அரைத்த பொடி. அடுப்பை அணைத்த பிறகோ, உண்ணும் கிண்ணத்திலோதான் தூவ வேண்டும்.

கேள்வி: வெண்டைக்காயின் வழவழப்பு பிடிக்கவில்லை.

பதில்: தனியாக எண்ணெயில் நன்றாக வதக்கி, வழவழப்பு வற்றிய பிறகு குழம்பில் சேருங்கள்.

கேள்வி: நின்று கிளற நேரமில்லை. தீயைக் கூட்டி ரூவைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாமா?

பதில்: கைதேர்ந்த சமையற்காரர்கள் முடிக்கிறார்கள். நீங்கள் முயன்றால் கருகும்; கருகினால் கொட்ட வேண்டும். நிற்க முடியாதவர்கள் கலவையை 175 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் ஒன்றரை மணி நேரத்தில் பழுப்பு நிறம் வந்துவிடும்.

கேள்வி: இறால் ரப்பராகிவிடுகிறது.

பதில்: கடைசி ஐந்து நிமிடங்களில் சேருங்கள். ஓட்டையும் தலையையும் எறியாமல் முதலிலேயே தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் குழம்புக்கு வேண்டிய சாறு கிடைத்துவிடும்.

கேள்வி: சைவக் கம்போ உண்டா?

பதில்: கீரைகளால் செய்யும் ‘கம்போ ஸேர்ப்’ அதற்கு அருகில் வரும். ஆயினும் நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் (1923–2019) பெரிய வியாழனன்று பரிமாறிப் புகழ்பெறச் செய்த கீரைக் கம்போவில் இறைச்சியும் உண்டு. நீங்கள் இறைச்சியை விடுத்து, பல வகைக் கீரைகளையும் காய்கறிச் சாற்றையும் கொண்டு செய்யலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கீரைகளைச் சேர்ப்பது மரபு.

கேள்வி: ஜாம்பலாயா செய்முறையும் தருவீர்களா?

பதில்: அரிசியைச் சேர்த்தே வேகவைக்கும் அந்த உணவைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

கேள்வி: மீதமானதை எப்படி வைப்பது?

பதில்: அகலமான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். சோற்றைக் குழம்போடு கலந்து வைக்காதீர்கள். அது சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். கோழிக் கம்போ மறுநாள் இன்னும் சுவைக்கும். மீண்டும் சூடாக்கும்போது மிதமான தீயே போதும். ரூ அடியில் படியும் என்பதால் அப்போதும் கிளற வேண்டும்.